வீடு மாதிரி

வெளியூரில் ஓர் இரவு எங்கே தங்குவது என்பது ஆணுக்குப் பணமும் வசதியும் சார்ந்த கேள்வி. பெண்ணுக்கு அது அதோடு முடிவதில்லை. கதவின் தாழ்ப்பாள் சரியாக இருக்குமா, வரவேற்பு மேசையில் இருப்பவர் என்னவெல்லாம் கேட்பார், இரவு ஒன்பது மணிக்கு மேல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு பட்டியல் மனதுக்குள் தானாக ஓடும். இதை நடைமுறைத் தொல்லை என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். எனக்கோ இது அறம் சார்ந்த கேள்வியாகவே தோன்றுகிறது. தன் வீட்டில் இல்லாத பெண் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்? அவளுக்குக் கூரை தருகிறவருக்கு அவளைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள உரிமை உண்டு?

புதுச்சேரியில் மூன்று நாள் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தபோது, ஏற்பாட்டாளர்கள் இரண்டு இடங்களைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்று, நகரின் நடுவில் கடைத்தெருவை ஒட்டிய பெரிய ஹோட்டல். நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். மற்றது, வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில் ஒன்றில் இருக்கும் பழைய வீடு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் உண்டு. கீழ்த்தளம் தமிழ் வீட்டின் அமைப்பு, மேல்தளம் பிரெஞ்சுக்காரர்களின் பாணி. மொத்தம் எட்டே அறைகள். வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். தோழிகளிடம் யோசனை கேட்டேன். எல்லாரும் பழைய வீட்டைத்தான் சொன்னார்கள். சொன்ன காரணமும் ஒன்றுதான்: “வீடு மாதிரி இருக்கும்பா.”

இந்தப் பரிந்துரையை நான் நிறைய யோசித்தேன். வீடு மாதிரி இருப்பது பெண்ணுக்கு நல்ல செய்தியா?

தமிழ் வீட்டின் அமைப்பையே பாருங்கள். திண்ணை வழிப்போக்கருக்காகக் கட்டப்பட்டது என்று பெருமையோடு சொல்கிறோம். அங்கே படுத்து எழுந்து போன வழிப்போக்கர்கள் யார்? ஆண்கள். அவர்களிலும் அந்தத் தெருவுக்குள் நுழைய அனுமதிக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். என் பாட்டி ஐம்பது வருடங்களுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தார். அந்த வீட்டுத் திண்ணையில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோலம் போட வாசலுக்கு வருவார், விளக்கேற்ற வருவார், உள்ளே போய்விடுவார். திண்ணையில் இருந்தவர்களுக்கு மோர் அனுப்புவது அவர் வேலை. மோரை எடுத்துப் போய்க் கொடுப்பது வேறு யாராவது. வீட்டின் முன்பக்கம் விருந்தினருக்கு, பின்பக்கம் விருந்து சமைப்பவளுக்கு. பழைய வீடுகள் விடுதிகளாக மாறும்போது முற்றத்தையும் தூண்களையும் புதுப்பிக்கிறார்கள். புகை படிந்த அடுப்பங்கரையையும், விலக்கான நாட்களில் பெண்கள் ஒதுங்கியிருந்த கொல்லைப்புறத்து மூலையையும் யாரும் காட்சிக்கு வைப்பதில்லை. மரபு என்று நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் முன்கட்டின் மரபு.

விருந்தோம்பலை இல்லறத்தின் முதன்மையான கடமைகளில் ஒன்றாகத் திருக்குறள் வைக்கிறது. அந்தக் கடமை யார் பெயரில் நடந்தது, யார் கையால் நடந்தது என்பதைச் சிலப்பதிகாரம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மதுரையில் கோவலனிடம் கண்ணகி பேசும் இடத்தில், அவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோருக்கு அளிப்பதும் துறவோரை எதிர்கொள்வதும் விருந்தினரை வரவேற்பதும் தனக்கு இல்லாமல் போயின என்று சொல்கிறாள். கூர்ந்து பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கிறது. வீடு இருக்கிறது, அவளும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் கணவன் உடனில்லாத பெண் விருந்தினரை வரவேற்க முடியாது. விருந்தோம்புவதற்கே ஓர் ஆண் வேண்டும் என்றால், விருந்தாளியாகத் தனியே வந்து நிற்கும் பெண்ணை அந்த வீடு எப்படிப் புரிந்துகொள்ளும்?

எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு, வேறோர் ஊரில், இதேபோல் விடுதியாக மாறிய பழைய வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். வீட்டுக்கார அம்மா அன்பானவர். காலையில் இட்லி பரிமாறிக்கொண்டே, “ஏம்மா, தனியாவா வந்திருக்க? வீட்டுக்காரர் வரலையா?” என்றார். வரவில்லை என்றேன். “பிள்ளைங்க யார்கிட்ட இருக்கு?” என்றார். பிள்ளைகள் இல்லை என்றேன். தட்டில் இன்னொரு இட்லி விழுந்தது. அது பரிவின் இட்லி. மறுநாள் அவருக்குத் தெரிந்த மருத்துவரின் பெயர் வந்தது. சாயந்திரம், “எந்தப் பக்கம் நீங்க, என்ன ஆளுங்க?” என்ற கேள்வியும் வந்துவிட்டது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் நான் மகளாக, மருமகளாக, குறையுள்ள ஒரு மனைவியாக இருந்தேனே தவிர, வேலை நிமித்தம் ஊருக்கு வந்த ஒருத்தியாக இருக்கவில்லை. வீடு மாதிரி என்றால் இதுவும்தான்.

பெரிய ஹோட்டலில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டு, சாவி அட்டையைத் தருகிறார்கள். மின்தூக்கியில் ஏறினால் கதை முடிந்தது. இந்த அக்கறையின்மையைக் குளிர்ந்தது, இயந்திரத்தனமானது என்று பழிப்பது வழக்கம். அந்தப் பழிப்பில் எனக்கு உடன்பாடில்லை. யாரும் நம்மைக் கேள்வி கேட்காத நிலை பெண்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல.

1907இல் நியூயார்க்கில், வாக்குரிமைப் போராளி ஹாரியட் ஸ்டான்டன் பிளாட்ச் தன் தோழியோடு ஹாஃப்மன் ஹவுஸ் என்ற ஹோட்டலின் மாடித் தோட்டத்து உணவகத்துக்குப் போனார். ஆண் துணை இல்லாத பெண்களுக்கு மாலையில் உணவு கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். கண்ணியமான பெண்களை ஒழுக்கம் கெட்ட பெண்களிடமிருந்து காப்பாற்றத்தான் இந்த விதி என்பது விளக்கம். தனக்கு எந்தப் பெண்ணாலும் தொந்தரவு வந்ததில்லை, வந்ததெல்லாம் ஆண்களால்தான் என்பது அவர் தந்த பதில். வழக்குப் போட்டார், தோற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1903இல், அதே நகரில் பெண்களுக்கென்றே மார்த்தா வாஷிங்டன் ஹோட்டல் திறக்கப்பட்டிருந்தது. தனியாகப் பயணம் செய்த, தனியாகச் சம்பாதித்த பெண்களுக்குத் தனிக் கட்டடமே தேவைப்பட்ட காலம் அது.

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா என்று நாம் நிம்மதி அடைய முடியாது. 2019இல் கோயம்புத்தூரில், மணமாகாத ஆணும் பெண்ணும் தங்க இடம் கொடுத்ததைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மணமாகாதவர்கள் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. சட்டத்தில் இல்லாத தடை வரவேற்பு மேசையில் இருக்கிறது. பேருந்து தாமதமாகி, ஒரு நடுத்தர ஊரில் இரவு பதினொரு மணிக்கு நான் ஏறி இறங்கிய மூன்று லாட்ஜுகளிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: “சிங்கிள் லேடீஸுக்கு ரூம் தர்றதில்ல மேடம்.” காரணம் கேட்டேன். “பிரச்சினை வரும்.” யாரால் வரும் என்று சொல்லவில்லை. பிரச்சினையை உண்டாக்குகிறவனுக்கு அறை உண்டு, பிரச்சினைக்கு ஆளாகக்கூடியவளுக்கு இல்லை. விடியும்வரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் பல கண்கள் என்னைக் கேள்வி கேட்டபடியே இருந்தன.

‘நீ யார்’ என்ற கேள்விக்கு இந்த நாட்டில் இன்னும் கனமான வரலாறு உண்டு. 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேர வந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு வந்த பார்சி ஆண்கள் அவரை யார் என்று கேட்டு, வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அந்த மனிதர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் தலைமையிலான குழு வரைவு செய்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சமயம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் கடைகளிலும் உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ‘ஹோட்டல்’ என்ற சொல் அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஓர் அறைக்காகப் பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். அதனால், பெயர் தெரியாமல் ஓர் இரவு தூங்குவதை ஆடம்பரம் என்று சொல்லும்போது, அதைச் சொல்கிறவர் யார் என்றும் நாம் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் பெரிய ஹோட்டலின் பக்கம் நிற்கும் வாதங்கள். இங்கேயே நிறுத்திவிட்டால் எனக்கு வசதி. ஆனால் அந்த அறையைச் சுத்தம் செய்கிற பெண் இன்னும் நம் கணக்கில் வரவில்லை.

நான் கருத்தரங்குக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விரிப்பு மாற்றப்பட்டிருக்கும், குளியலறை உலர்ந்திருக்கும், நான் கலைத்துப் போட்ட துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். செய்தவளை நான் பார்த்திருக்க மாட்டேன். பார்க்காமல் இருக்கும்படிதான் அவளுடைய வேலைநேரம் அமைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் நம் அம்மாக்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனது பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ஹோட்டல் அந்த மாயத்தை இன்னும் கச்சிதமாகச் செய்கிறது. மூன்று நாள் நான் எந்த வீட்டுவேலையும் செய்யாமல் வாசித்து, விவாதித்து, தூங்கினேன் என்றால், அந்த வேலை மறைந்துவிடவில்லை. இன்னொரு பெண்ணின் முதுகுக்கு மாறியிருக்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு விடுதலை தருகிற அதே ஆளரவமற்ற நடைபாதை அவளுக்கு ஆபத்து. மூடிய அறைக்குள், யாரென்று தெரியாத ஆணின் முன்னால், தனியாக வேலை செய்யவேண்டிய தொழில் அது. 2016இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள் ஒரு சட்டத்துக்கு வாக்களித்தார்கள். அறைகளில் தனியாக வேலை செய்யும் ஹோட்டல் தொழிலாளிகளுக்கு, அழுத்தினால் உடனே உதவி வரும் பொத்தான் ஒன்றைத் தரவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. அடுத்த ஆண்டு சிகாகோ நகரமும் அப்படிச் சட்டம் செய்தது. அங்கெல்லாம் பெண் தொழிலாளிகள் சங்கமாகச் சேர்ந்து, தங்களுக்கு நடந்ததை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இது நடந்தது. விருந்தினரின் அந்தரங்கம் தொழிலாளியின் தனிமையாகவும் இருக்கிறது என்பதை அவர்கள்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அப்படியென்றால் சிறிய விடுதி மேலானதா? அங்கே சமைக்கிறவருக்கு முகம் உண்டு, பெயர் உண்டு. அவரோடு பேசலாம். ஆனால் அவரைப் பற்றி முதலாளி சொல்வது என்ன? “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி.” வீட்டுப் பெண்ணுக்கு வேலைநேரம் உண்டா, வாரவிடுப்பு உண்டா, சம்பளச் சீட்டு உண்டா? உறவின் பெயரைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது நாம் நன்றாக அறிந்த தந்திரம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாகவேண்டும். அதற்குக் குறைவான இடத்தில் இருப்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவைத் தேடிப் போகவேண்டும். எட்டு அறை விடுதியில் ஆறு பேர் வேலை செய்வார்கள். ‘வீட்டுப் பெண்’ ஒருத்தி அந்த வீட்டையும் தெருவையும் தாண்டி மாவட்டக் குழுவரை போய்விடுவாளா? பெரிய ஹோட்டல்களில் அந்தக் குழு காகிதத்தில் மட்டும் இருப்பதும் நடக்கிறது. ஆனால் காகிதத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கலாம். உறவாகச் சொல்லப்படுவதைக் கேட்டால் நன்றி கெட்டவள் என்ற பட்டம் வரும்.

நான் தேடிக்கொண்டிருந்த வேறுபாடு இங்கேதான் கிடைத்தது. தயவாகக் கிடைப்பது வேறு, உரிமையாகக் கிடைப்பது வேறு. 1795இல் நிரந்தர அமைதியைப் பற்றி எழுதிய கான்ட், அந்நியரை ஏற்பது பரோபகாரம் சார்ந்த விஷயமல்ல, உரிமை சார்ந்தது என்றார். வந்திறங்கியவரைப் பகையாக நடத்தக்கூடாது, அவ்வளவுதான் அந்த உரிமை. வீட்டு உறுப்பினரைப் போல நடத்தவேண்டும் என்று கோரும் உரிமை அதில் இல்லை. அவர் நாடுகளைப் பற்றிப் பேசினார், லாட்ஜ் வாசலில் நிற்கும் பெண்ணை நினைத்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது மிகச் சரியாகப் பொருந்துகிறது. என்னை மகளாக நடத்தவேண்டாம். சந்தேகத்துக்குரியவளாக நடத்தாமல் இருந்தால் போதும்.

உரிமையாகத் தந்த இடங்கள் நம் பக்கத்திலும் இருந்திருக்கின்றன. தஞ்சை மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்கள் பலவற்றுக்குப் பெண்களின் பெயர்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம். முத்தம்பாள் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரியவர், பட்டத்து அரசி அல்லர். இந்தச் சத்திரங்களைப் பற்றி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குச் சரபோஜி எழுதிய கடிதம் இருக்கிறது. எல்லாச் சாதியாருக்கும் உணவு தரப்படுவதையும், நோயுற்ற பயணிகளுக்கு வைத்தியம் பார்ப்பதையும், கர்ப்பிணிகளுக்கு அங்கேயே பிரசவம் பார்த்து, பிறகும் சில மாதங்கள் வைத்துப் பராமரிப்பதையும் அது சொல்கிறது. எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் நிறைமாதமாக வழியில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு கூரை பொது ஏற்பாடாகவே இருந்தது. உறவும் காசும் அதற்கு நிபந்தனையாக இல்லை.

தனிமனிதரின் நல்ல மனதை நம்பிய அடைக்கலம் என்ன ஆகும் என்பதையும் சிலப்பதிகாரமே சொல்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியை இடையர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி தன்னால் ஆனதையெல்லாம் செய்கிறாள். அரசன் செய்த பிழையால் எல்லாம் அழிகிறது. அடைக்கலத்தைக் காக்க முடியாத துயரில் மாதரி தீயில் இறங்குகிறாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறார். அரசு தவறியதற்கு இரண்டு பெண்கள் உயிரால் விலை கொடுக்கிறார்கள். அன்பான வீட்டுக்கார அம்மாவின் தோளில் முழுப் பாதுகாப்பையும் ஏற்றிவைப்பது அவருக்கும் நியாயமில்லை.

புதுச்சேரியில் நான் பெரிய ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தேன். என் கேள்வி எது அழகானது, எது மரபுள்ளது என்பதாக இருக்கவில்லை. என் உரிமையும், எனக்காக வேலை செய்கிறவளின் உரிமையும் யாருடைய நல்ல மனதையும் நம்பாமல் நிற்கக்கூடிய இடம் எது என்று கேட்டேன். இரண்டும் அரைகுறைதான். ஆனால் ஒன்றில் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பிடியை நான் பயன்படுத்தினால்தான் என் தேர்வுக்குப் பொருள் உண்டு. புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்கள் எங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன என்று வரவேற்பில் கேட்டேன். கேட்டவருக்கு முதலில் புரியவில்லை, மேலாளரை அழைத்தார், பின்கட்டில் ஓர் அறிவிப்புப் பலகை இருப்பதாகச் சொன்னார். அறை சுத்தம் செய்ய வந்த அக்காவிடம், நான் உள்ளே இருக்கும்போது கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “நான் எப்பவும் அப்படித்தான் மேடம் வைப்பேன்” என்றார். அந்த ‘எப்பவும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை அறைகள் இருக்கும்!

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையே எல்லாருக்கும் இல்லை என்று ஒரு மாணவி எழுந்து சொல்லக்கூடும். சரிதான். அடையாள அட்டையில் இருக்கும் ஓர் இஸ்லாமியப் பெயரோ, அட்டையோடு பொருந்தாத ஒரு திருநங்கையின் தோற்றமோ அதே வரவேற்பு மேசையை வேறு இடமாக மாற்றிவிடும். எனக்குக் கிடைத்த ‘யாரும் கேட்காத’ நிலை என் ஆங்கிலத்துக்கும் என் பெட்டிக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதனால்தான் இதைத் தனிநபர் தேர்வாக விட்டுவிட முடியாது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளில் குறுகிய காலத்துக்கும் தங்க முடிகிறது. நேர்காணலுக்கு, தேர்வுக்கு, வழக்குக்கு, வீட்டை விட்டு வெளியேறிய முதல் இரவுக்கு ஊர்தோறும் அப்படி ஓர் இடம் வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நியாயமான வாடகையில், ‘ஏன் தனியாக வந்தாய்’ என்று கேட்காத மேசையோடு. அங்கே விரிப்பு மாற்றுகிறவருக்கு முறையான சம்பளமும், உட்கார ஒரு நாற்காலியும், அவர் பெயர் எழுதிய ஓர் அட்டையும் இருக்கவேண்டும்.